ஒரே பாட்டுக்கு எதற்கு மூன்று தட்டு? பழைய பிக் பேண்ட் 78கள் பற்றி ஒரு பஞ்சாயத்து

மூன்றுநிமிடம்:
வணக்கம். நாலைந்து வருடமாக இங்கே சத்தம் போடாமல் படித்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது வீட்டில் ஒரு பஞ்சாயத்து, தீர்ப்பு உங்களிடம்.

நியூ ஜெர்சியில் வேலை பார்த்தபோது ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும், பெரியவர்கள் காலமானபின் வீட்டைக் காலி செய்கிறவர்களிடமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிய, நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுகிற பழைய இசைத்தட்டுகள் எழுபது சொச்சம், போன மாதம் என்னோடு கோவைக்கு வந்து சேர்ந்தன. எல்லாமே 1925க்கும் 1933க்கும் நடுவில் வந்தவை. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வாசிக்கிற ஜாஸ் குழுக்கள்: ஃப்ளெட்சர் ஹென்டர்சன், டியூக் எலிங்டன், பென்னி மோட்டன், மெக்கின்னீஸ் காட்டன் பிக்கர்ஸ். அதாவது 1935இல் ஸ்விங் என்று ஊரே ஆடத் தொடங்குவதற்கு முந்தைய சரக்கு.

அண்ணன் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "இதிலும் பிளாக் அண்ட் டான் ஃபேன்டசின்னு போட்டிருக்கு, அதிலும் அதேதான் போட்டிருக்கு. ஒரே குழு, ஒரே பாட்டு. எதுக்குடா ரெண்டு?" என்றார். ஒன்று விக்டர் கம்பெனி, இன்னொன்று ஓகே கம்பெனி, இரண்டும் 1927. மூன்றாவதாக பிரன்ஸ்விக் தட்டும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கு இருக்கிறதே! அது போகட்டும். மெக்கின்னீஸ் குழுவின் 'ஃபோர் ஆர் ஃபைவ் டைம்ஸ்' விக்டரில் ஒரே எண்ணில் இரண்டு பிரதி இருக்கிறது, மொத்தமாக வாங்கியதில் தானாக வந்தது. அதற்கு என்னிடமே பதில் இல்லை.

கேள்வி இதுதான்: இரட்டை இரட்டையாக இருப்பதை விற்றுவிடலாமா? இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். எதை முதலில் கேட்பது, எதற்குப் பிறகு எதைக் கேட்பது என்று இதில் ஒரு வரிசை உண்டா? நான் கையில் கிடைத்ததைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சும்மாகேட்பவன்:
தாராளமாக விற்கலாம் நண்பரே. எழுபதையும் விற்கலாம். ஃபோனில் தட்டினால் எல்லாம் வருகிறது, கீறல் சத்தம்கூட இல்லாமல். அமெரிக்காவில் 1923ஆம் ஆண்டுப் பதிவுகளுக்கு 2024 ஜனவரியிலும், 1924ஆம் ஆண்டுப் பதிவுகளுக்கு 2025 ஜனவரியிலும் காப்புரிமை முடிந்துவிட்டது, வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகும். உங்கள் அண்ணன் பக்கம்தான் நியாயம். தட்டு வாங்கியவர்கள் கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி "ஒரிஜினல், ஒரிஜினல்" என்று அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள், காதில் வாங்காதீர்கள்.

அரக்குப்பெட்டி:
சும்மா, உங்கள் பெயருக்கேற்ற பதில்.

மூன்றுநிமிடம், அவசரப்பட்டு எதையும் விற்காதீர்கள். முதலில் அந்த இரண்டு 'பிளாக் அண்ட் டான்' தட்டுகளை அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ராஜரத்தினம் பிள்ளை தோடியை ஒரு தடவை வாசித்துவிட்டாரே, மறுபடி எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. இங்கே மட்டும் ஏன் கேட்கிறோம்? லேபிளில் பெயர் ஒன்றாக இருப்பதால் பாட்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

எலிங்டன் அந்தப் பாட்டை 1927இல் மட்டும் மூன்று கம்பெனிக்குப் பதிவு செய்தார். ஏப்ரலில் பிரன்ஸ்விக், அக்டோபரில் விக்டர், நவம்பர் தொடக்கத்தில் ஓகே. காட்டன் கிளப் என்ற நியூயார்க் இரவு விடுதியில் அவர் குழு வாசிக்கத் தொடங்கியது டிசம்பர் 4, அதாவது இந்த மூன்றுக்கும் பிறகு. முதல் இரண்டிலும் டிரம்பெட் பப்பர் மைலி. பாட்டை எலிங்டனோடு சேர்ந்து உருவாக்கியவரும் அவர்தான். சாக்கடை அடைப்பு எடுக்கிற ரப்பர் கப் இருக்கிறதல்லவா, அதைக் குழலின் வாயில் வைத்து மூடித் திறந்துகொண்டே தொண்டையிலிருந்து உறுமுவார். ஓகே பதிவன்று மைலி இல்லை. வந்தது ஜாபோ ஸ்மித் என்ற 18 வயதுப் பையன். இவர் கையில் உறுமல் குறைவு, சுறுசுறுப்பு அதிகம். எலிங்டன் குழுவிலேயே சேரச் சொல்லிக் கூப்பிட்டார்கள், சம்பளம் கட்டுப்படியாகாது என்று பையன் போகவில்லை. மைலி 1929 தொடக்கத்தில் குழுவை விட்டுப் போனார், 1932இல் காசநோயில் இறந்தபோது வயது 29. ஆக அவர் மூச்சு எந்தத் தட்டில் இருக்கிறது, எதில் இல்லை என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஒரே எண்ணில் உள்ள இரண்டு மெக்கின்னீஸ் தட்டு பற்றி அப்புறம் சொல்கிறேன், அதில் ஒரு சோதனை இருக்கிறது.

மூன்றுநிமிடம்:
இரண்டையும் இப்போதுதான் கேட்டு முடித்தேன், அண்ணனும் பக்கத்தில்தான் இருந்தார்.

விக்டரில் தொடக்கம் சவ ஊர்வலம் மாதிரி, டிரம்பெட்டும் டிராம்போனும் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது போல ஒன்றாகப் போகின்றன. பிறகு சாக்ஸபோன் திடீரென்று சர்க்கரைப் பாகு மாதிரி வழிகிறது. அப்புறம் மைலி. ஒரே ஒரு சுரத்தைப் பிடிக்கிறார், நாலு பார் (தாளச் சுற்று) முழுக்க விடவே இல்லை, கீழே குழு தன் பாட்டுக்கு நடக்கிறது. விட்டதும் உறுமத் தொடங்குகிறார். இதே இடத்துக்கு ஓகேயில் வந்தபோது அண்ணனே "இது வேற ஆள்" என்றார். அவருக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை! பிற்பகுதியில் டிராம்போன்காரர் குதிரை கனைப்பது போல ஒன்று செய்கிறார், அதற்கு இரண்டு தடவை முள்ளைத் தூக்கி வைக்கச் சொன்னார். கடைசியில் ஷோப்பானின் சவ ஊர்வல இசையை இரண்டு வரி வாசித்து முடிக்கிறார்கள்.

இந்தப் பஞ்சாயத்தில் பாதி ஜெயித்துவிட்டேன்.

டியூபாக்காரன்:
ஸ்கார்பரோவிலிருந்து எழுதுகிறேன். வரிசை கேட்டீர்கள். குழு வாரியாகக் கேட்கப் போனால் குழம்பிப் போவீர்கள் தம்பி. ஒரு பாட்டைப் பிடியுங்கள், அது கை மாறிப் போகும் வழியெல்லாம் கூடவே போங்கள். எனக்கு இந்த இசை பிடிபட்டது அப்படித்தான். நான் பிடித்தது 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்'.

முதல் தட்டு 1923 ஜூலை, இண்டியானாவில் ரிச்மண்ட் என்ற ஊரில் ஜெனட் கம்பெனியின் கூடம். ஜெல்லி ரோல் மோர்ட்டன் தனியாகப் பியானோ வாசிக்கிறார். அந்தக் கூடத்துக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை, வண்டி போகும்போது பதிவை நிறுத்தி வைப்பார்களாம். மைக் கிடையாது, பெரிய கூம்புக்குள் வாசிக்க வேண்டும், அதனால் பியானோ தகர டப்பா மாதிரிதான் கேட்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். பாட்டின் எலும்பு இதுதான்.

அடுத்தது 1928 மார்ச், கொலம்பியா கம்பெனியில் ஹென்டர்சன் குழு. இப்போது மைக் வந்துவிட்டது. ஒரு ஆள் பத்து விரலில் வாசித்ததைப் பத்துப் பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் கீழே டியூபா (கனத்த பித்தளைக் குழல்), பான்ஜோ. ஆட்டம் இன்னும் இரண்டு காலில்தான், உம்-பா உம்-பா. பழைய வீட்டில் புது ஆட்கள் குடியிருப்பது மாதிரி எனக்குத் தோன்றும்.

மூன்றாவது 1932 டிசம்பர், ஓகே, அதே ஹென்டர்சன். பெயரிலேயே 'நியூ' என்று சேர்த்துவிட்டார்கள். டியூபா போய்விட்டது. ஜான் கர்பி நின்றுகொண்டு டபுள் பேஸ் கம்பியை மீட்டுகிறார், பான்ஜோ இருந்த இடத்தில் கிட்டார். நாலு அடியும் சமமாக விழுகிறது, வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்ட மாதிரி. பாபி ஸ்டார்க்கின் டிரம்பெட், கோல்மன் ஹாக்கின்ஸின் டெனர் சாக்ஸ் எல்லாம் வந்து போனபின் கடைசி அரை நிமிடத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். பித்தளைக் குழல்கள் ஒன்று கேட்க, சாக்ஸபோன்கள் பதில் சொல்ல, கேள்வி பதில், கேள்வி பதில் என்று இறுக்கிக்கொண்டே போவார்கள். பிற்காலப் பிக் பேண்ட் எல்லாம் இந்த அரை நிமிடத்தை வைத்துத்தான் பிழைத்தன என்பேன். மிகையாக இருந்தால் இருக்கட்டும்.

நாலாவது 1935 ஜூலை 1, விக்டர், பென்னி குட்மன். எந்த வாத்தியம் எதை வாசிப்பது என்கிற இசை ஏற்பாடு அதே ஹென்டர்சனுடையது, குட்மனுக்கு விற்றது. அடுத்த மாதம் 21ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸில் பலோமர் அரங்கில் குட்மன் குழுவுக்குக் கூட்டம் பித்துப் பிடித்தது, ஸ்விங் காலம் பிறந்தது என்று புத்தகங்கள் எழுதுகின்றன. 1932 தட்டைக் கேட்ட பிறகு அந்த வரியைப் படித்துப் பாருங்கள், சிரிப்பும் வரும் எரிச்சலும் வரும். நீங்கள் ஹென்டர்சன் தட்டுகள் வைத்திருக்கிறீர்களே, இந்த இரண்டும் அதில் உண்டோ?

மூன்றுநிமிடம்:
1928 இருக்கிறது. 1932 இல்லை. ஒரு முறை ஏலத்தில் பார்த்தேன், விலையைப் பார்த்துவிட்டுக் கணினியை மூடிவிட்டேன்.

அரக்குப்பெட்டி:
அது ஏன் விலை என்றால், அப்போது வாங்க ஆள் இல்லை. 1927இல் அமெரிக்காவில் விற்ற தட்டுகள் சுமார் 10.4 கோடி என்றும் 1932இல் 60 லட்சம் என்றும் வழக்கமாகச் சொல்கிற கணக்கு. பொருளாதார மந்தம் ஒரு பக்கம், இலவசமாகப் பாடுகிற ரேடியோ மறு பக்கம். அதனால் 1920களின் தட்டைவிட 1931, 32, 33 தட்டுகள்தான் கிடைக்காது. பழையது என்றால் அரியது என்று சந்தைக் கடைக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள், அதில்தான் நமக்குக் கொஞ்சம் பிழைப்பு. பால் வைட்மன் தட்டுகள் லட்சக்கணக்கில் அச்சானவை, குப்பை விலைக்குக் கிடைக்கும். வைட்மனை ஜாஸ் பக்தர்கள் தொட மாட்டார்கள், ஆனால் 1927 கடைசியிலிருந்து பிக்ஸ் பெய்டர்பெக் அந்தக் குழுவில் இருந்தார். வயலின் குவியலுக்கு நடுவே எட்டு பார், பதினாறு பார் மட்டும் அவர் கார்னெட் எழுந்து வரும், ஜன்னலைத் திறந்தது போல இருக்கும். 'சேஞ்சஸ்' பாட்டில் இரண்டு டேக்குகள் (ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பதிந்தவை) வெளியாகியிருக்கின்றன. இரண்டையும் வைத்திருக்கிறேன், எந்த டேக்கில் பிக்ஸ் மேல் என்று என் நண்பரோடு பன்னிரண்டு வருடமாகச் சண்டை.

1932க்குத் திரும்பினால், பென்னி மோட்டனைத் தவறவிடக் கூடாது. டிசம்பர் 13, நியூ ஜெர்சி கேம்டனில் விக்டர் கம்பெனி விலைக்கு வாங்கிப் பதிவுக்கூடமாக வைத்திருந்த ஒரு பழைய தேவாலயம். கான்சஸ் சிட்டியிலிருந்து கிளம்பி, கையில் காசில்லாமல் பட்டினியோடு வந்த குழு. யாரோ ஒரு புண்ணியவான் முயல் குழம்பு வைத்துக் கொடுத்தார் என்று குழுவில் இருந்த எடி டர்ஹம் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த ஒரே நாளில் பத்துப் பக்கம் பதிவானது. பியானோ கவுன்ட் பேசி, பேஸ் வால்டர் பேஜ், டெனர் பென் வெப்ஸ்டர், பாட்டு ஜிம்மி ரஷ்ஷிங். 'டோபி' என்று ஒன்று இருக்கிறது, அந்த வேகத்தைக் கேட்டால் சாப்பிடாமல் வந்தவர்கள் வாசித்தது என்று நம்ப மாட்டீர்கள். 1935இல் மோட்டன் டான்சில் அறுவை சிகிச்சையின்போது இறந்துபோனார், ஆட்களில் பலர் கவுன்ட் பேசியிடம் சேர்ந்தார்கள்.

சும்மாகேட்பவன்:
சரி, ஒப்புக்கொள்கிறேன், ஒரே பாட்டு பல பதிவு என்பது சுவாரஸ்யம்தான். ஆனால் டியூபாக்காரன் அண்ணா சொன்ன நாலையும் இப்போது ஃபோனிலேயே வரிசையாகக் கேட்டேன். 45 நிமிட பஸ் பயணத்தில் முடிந்தது. தட்டு எங்கே வருகிறது இதில்? பதிவுதான் முக்கியம், அரக்கு இல்லை.

அரக்குப்பெட்டி:
இதற்காகத்தான் காத்திருந்தேன்.

1932 பிப்ரவரியில் எலிங்டன் விக்டருக்காக இரண்டு மெட்லி (பல பாட்டுகளைக் கோத்த தொகுப்பு) பதிவு செய்தார். 3ஆம் தேதி 'மூட் இண்டிகோ', 'ஹாட் அண்ட் பாதர்ட்', 'க்ரியோல் லவ் கால்' ஒரே மூச்சில். 9ஆம் தேதி 'ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் டூடுல்-ஓ', 'லாட்ஸ் ஓ' ஃபிங்கர்ஸ்', பிறகு உங்கள் 'பிளாக் அண்ட் டான் ஃபேன்டசி'. விக்டர் 1931இலிருந்து 33⅓ சுற்றில் நீளத்தட்டு விட்டுப் பார்த்தது. 1948இல் வந்த எல்.பி.க்கு 17 வருடம் முன்னால்! வாங்க ஆளில்லாமல் படுத்துவிட்டது, அது வேறு கதை.

ஐம்பது வருடம் யாருக்கும் எதுவும் தெரியாது. 1980களில் சேகரிப்பாளர்கள் பிராட் கேயும் ஸ்டீவன் லாஸ்கரும் இந்தத் தட்டின் இரண்டு பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டேக் குறி வேறாக இருக்கிறது, ஆனால் வாசிப்பு அச்சு அசல் ஒன்றே, தனி வாசிப்பில் வரும் தடுமாற்றம் வரைக்கும். அப்படியானால் வித்தியாசம் என்ன? ஒன்றில் சில வாத்தியங்கள் கிட்டத்தில், மற்றதில் வேறு சில கிட்டத்தில். அன்று கூடத்தில் இரண்டு வெட்டும் எந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடியிருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி மைக். இரண்டு தட்டையும் ஒரே வேகத்தில் கோத்து ஒன்றை இடது காதுக்கும் மற்றதை வலது காதுக்கும் விட்டார்கள். ஸ்டீரியோ! 1932இல்! தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கிற குழு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி விரிந்தது. 1985இல் அதை எல்.பி.யாகவும் போட்டார்கள்.

யாரோ ஒரு அண்ணன் வந்து "ஒரே தட்டுதானே, ஒன்றைத் தூக்கிப் போடு" என்று சொல்லி யாரோ ஒரு தம்பி கேட்டிருந்தால் அது நமக்குக் கிடைத்திருக்காது.

சும்மாகேட்பவன்:
இது தெரியாது. நிஜமாகவே தெரியாது. இப்போதே ஹெட்ஃபோனில் கேட்டேன், பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிற அளவுக்கு வாயைப் பிளந்துவிட்டேன்.

ஆனாலும் ஒன்று. அந்த இருவரும் தட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தாலும் இது கிடைத்திருக்காது. வெளியில் விட்டதால்தான் எனக்கு வந்தது. எழுபது தட்டையும் எண்மப்படுத்தி ஏற்றுங்கள், அப்போது உங்கள் கட்சியில் சேர்கிறேன்.

அரக்குப்பெட்டி:
இந்த அடி எனக்கு. வாங்கிக்கொள்கிறேன்.

ரியாவேண்டாம்:
ஏற்றுவதாக இருந்தால் ஒழுங்காக ஏற்றுங்கள். நான் பிழைப்புக்கு ஒலிப்பதிவு செய்கிறவன். பாதிப் பேர் 78ஐ எல்.பி. முள்ளில் ஓட்டி, எல்.பி.க்கான ஃபோனோ பெட்டியில் செருகி, மேலே இரைச்சல் வடிகட்டியையும் போட்டு, கடைசியில் தலையணைக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தத்தை ஏற்றுகிறார்கள். பிறகு "அந்தக் காலத்துப் பதிவு இப்படித்தான்" என்கிறார்கள். இல்லை. 1925இல் வந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் மின்பதிவு சுமார் 5,000 ஹெர்ட்ஸ் வரை பிடித்தது. சிம்பலின் உரசல் அதில் இருக்கிறது, இரைச்சலோடு சேர்ந்து அதையும் வடிகட்டிவிடுகிறோம்.

முள் 3 மில், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு. எல்.பி. முள் அதில் கால் பங்கு, 78இன் தடத்தில் அடியில் விழுந்து அழுக்கைத்தான் உழும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் (முள்ளைப் பிடித்திருக்கிற தலை) என்றால் இரண்டு சேனலையும் மோனோவாகச் சேருங்கள், மேலும் கீழுமாக வருகிற சத்தம் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். ஃபோனோ பெட்டி மேல், கீழ் சுரங்களைச் சமன் செய்கிற ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு 1954இல் வந்தது. 1927 தட்டுக்கு அதைப் போட்டால் மேல் சுரங்கள் அமுங்கிவிடும்.

வேகம் தனி வம்பு. 78 என்று பெயரே தவிர, பழைய கூம்புக் காலத்துத் தட்டுகள் 75லிருந்து 82 வரை எங்கேயும் இருக்கும், கொலம்பியாவுடையவை பல 80இல். காதுதான் அளவுகோல். குழல்காரர்களுக்குப் பி-ஃப்ளாட், ஈ-ஃப்ளாட் கட்டைகள் கைப்பழக்கம், உங்கள் தட்டு பி என்றோ ஈ என்றோ ஒலித்தால் வேகத்தைச் சந்தேகப்படுங்கள். வேகம் சரியானதும் பாடகரின் குரலும் மனிதக் குரலாகிவிடும், அதுவரை வாத்து மாதிரி இருந்திருக்கும்.

முள்ளும்மலரும்75:
புதியவன். ஒரு தட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். துணியெல்லாம் கறுப்பு. முதலில் அழுக்கு வருகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் அழுத்தித் துடைத்தேன். இப்போது அந்த இடம் மட்டும் மங்கலாக இருக்கிறது, முள் வைத்தால் இஸ்ஸ்ஸ் என்று இரைகிறது. சரி செய்ய வழி உண்டா?

அரக்குப்பெட்டி:
வழி இல்லை தம்பி. நீங்கள் துடைத்தது அழுக்கை இல்லை, பாட்டை. 78 தட்டின் பசை அரக்கு. மர மேசைக்குப் பாலீஷ் போட ஸ்பிரிட்டில் கரைப்பார்களே, அதே அரக்கு. ஸ்பிரிட் பட்டால் கரையும். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, மென்மையான பிரஷ், தடத்தின் போக்கிலேயே வட்டமாக. லேபிளில் ஈரம் படக் கூடாது. உடனே துடைத்து நிமிர்த்தி வைத்துக் காய விடுங்கள், மல்லாக்கப் போட்டு ஒன்றின் மேல் ஒன்று அடுக்காதீர்கள்.

சொல்லப்போனால் அந்த அரக்கு இங்கிருந்து போனது. சோட்டா நாக்பூர் பக்கம் புரசு, இலந்தை மரங்களில் அரக்குப் பூச்சி கட்டுகிற பிசின், கல்கத்தா வழியாக ஏற்றுமதி. பாண்டவர்களை எரிக்கக் கட்டிய அரக்கு மாளிகைச் சரக்குதான் நியூயார்க்கில் எலிங்டன் ஆனது! தட்டில் அது கால் பங்கு இருந்தால் அதிகம், மீதி பெரும்பாலும் கல் மாவு, கறுப்புக்குக் கரித்தூள். கல் மாவு இருப்பதால்தான் எஃகு முள் பக்கத்துக்கு ஒன்று தேய்ந்து போயிற்று. போரில் ஜப்பான் இந்தப் பக்கம் வந்ததும் 1942இல் அமெரிக்காவுக்கு அரக்கு வரத்து சுருங்கி, பழைய தட்டைக் கொண்டுவா, உடைத்து உருக்கிப் புதியது அச்சடிக்கலாம் என்று ஊர் ஊராக வாங்கினார்கள். 1920களின் ஹென்டர்சன், மோட்டன் எத்தனை அதில் போயிற்றோ.

டியூபாக்காரன்:
கல்கத்தா என்றதும் டெடி வெதர்போர்ட் ஞாபகம் வந்தது. 1920களில் சிகாகோவில் எர்ஸ்கின் டேட் குழுவில் பியானோ வாசித்தவர், பிறகு ஆசியாவுக்குக் கப்பல் ஏறி, கடைசியில் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் தன் குழுவை நடத்தினார். அங்கேயே கொலம்பியாவுக்குத் தட்டும் கொடுத்தார். 1945இல் அந்த ஊரிலேயே காலராவில் இறந்தார். இந்தியாவில் இருந்து தேடுகிறவர்கள் அமெரிக்கத் தட்டுக்கு மட்டும் அலையாமல் அவருடையதையும் கண்ணில் வைத்திருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லேபிளில் 'ஜங்கிள் பேண்ட்', 'ஹார்லம் ஃபுட்வார்மர்ஸ்', 'வாஷிங்டோனியன்ஸ்', 'வூப்பி மேக்கர்ஸ்' என்று பார்த்தால் தாண்டிப் போகாதீர்கள், பெரும்பாலும் எலிங்டன்தான். ஒரு கம்பெனிக்குச் சொந்தப் பெயர், மற்றக் கம்பெனிகளுக்குப் புனைபெயர். கறுப்பினத்தவருக்கு என்று தனி எண் வரிசையில் 'ரேஸ்' தட்டுகள் என்று விற்றார்கள். காட்டன் கிளப்பில் மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், மேசைகளில் வெள்ளையர் மட்டும். 'ஜங்கிள்' என்ற பெயர் யாருடைய ரசனைக்கு வைத்தது என்று அதிலிருந்தே விளங்கும். மைலியின் உறுமலைக் காட்டு மிருகம் என்று கேட்டுப் போனவர்கள் உண்டு. அந்தத் தொடக்க மெட்டு 'ஹோலி சிட்டி' என்ற தேவாலயப் பாட்டை மைனர் என்கிற சோகச் சாயல் சுரவரிசைக்குத் திருப்பியது என்று தெரிந்தபின் எனக்கு அது வேறு மாதிரி ஒலிக்கிறது.

முள்ளும்மலரும்75:
நன்றி அண்ணா. மனசு கேட்கவில்லை, அதைச் சுவரில் மாட்டிவிடுகிறேன். இன்னொரு சோகமும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து ஒருவரிடம் மூன்று தட்டு வாங்கினேன், ஒரே ஒரு மெல்லிய அட்டைக்குள் போட்டு அனுப்பினார். மூன்று தட்டு ஏழு துண்டாக வந்தது. கேட்டால் "அனுப்பும்போது நன்றாகத்தான் இருந்தது" என்கிறார்.

அரக்குப்பெட்டி:
தட்டைவிடப் பெரிய நெளி அட்டை இரண்டு, நடுவில் தட்டு, விளிம்பு எங்கும் தொடக் கூடாது, அது ஒரு பெட்டி, அதைச் சுற்றிப் பஞ்சோ காகிதமோ, வெளியே இன்னொரு பெட்டி. இதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். முனகுகிற ஆளிடம் வாங்காதீர்கள்.

மூன்றுநிமிடம், மெக்கின்னீஸ் தட்டுகளை மறந்துவிடவில்லை. இரண்டையும் டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். தடம் முடிந்து லேபிளுக்கு முன்னால் வழவழப்பான பட்டை இருக்கும். லேபிள் நேராக இருக்கும்போது கடிகாரத்தில் 9 இருக்கிற இடத்தில் சின்னதாக ஒரு எண் குத்தியிருப்பார்கள். விக்டர் தட்டுகளில் அதுதான் டேக் எண். இரண்டும் வேறு என்றால் இரண்டு தட்டு, ஒன்று என்றால் ஒரு தட்டு.

மூன்றுநிமிடம்:
பார்த்தேன். டார்ச்சை அண்ணன் பிடித்தார். மேலிருந்து அடித்தால் ஒன்றும் தெரியவில்லை, பக்கவாட்டில் தரையோடு தரையாக அடித்தபோதுதான் தெரிந்தது, கடுகு அளவு. பூதக்கண்ணாடியும் வைத்தோம்.

இரண்டிலும் ஒரே எண். நிஜமாகவே ஒரே தட்டுதான்! அண்ணனுக்கு ஒரே குஷி. ஆனால் போட்டுக் கேட்டதில் ஒன்று கடைசி ஒரு அங்குலத்தில் தேய்ந்து கரகரக்கிறது, மற்றது சுத்தம். தேய்ந்ததைத் தருகிறேன், காசு வேண்டாம். ஒரே நிபந்தனை, முள்ளும்மலரும் கதையைப் படித்த பிறகு கூரியரில் போடுவதாக இல்லை. கோவைக்கு வந்து கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். யாருக்கு?

சும்மாகேட்பவன்:
நான் திருப்பூர். சனிக்கிழமை வருகிறேன்.

ரியாவேண்டாம் அண்ணா, 3 மில் முள் எங்கே கிடைக்கும்?